திங்கட்கிழமை புல் கிடங்கைத் திறக்காதே

கோவிந்தா, திங்கட்கிழமை காலையில் அந்தப் புல் கிடங்கின் கதவைத் திறக்காதே. மானேஜர் சொன்னாலும் திறக்காதே. வேலை போய்விடும் என்றாலும் திறக்காதே. கடிதத்தை இப்படியா ஆரம்பிப்பது, க்ஷேமம் விசாரிக்க வேண்டாமா என்று எழுதிக்கொண்டிருக்கும் உன் தங்கை சரோஜா கேட்கிறாள். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் இதை எழுது என்றேன். உன் நைனாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பது உனக்குத் தெரிந்ததுதான். நான் என் பேச்சில் சொல்கிறேன், அவள் பள்ளிக்கூடத்துத் தமிழில் எழுதுகிறாள். ஒவ்வொரு பக்கம் முடிந்ததும் எனக்குப் படித்துக் காட்டவேண்டும், என் வார்த்தையை மாற்றினாலும் நான் சொல்லவந்ததை மாற்றக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். சரி என்று தலையாட்டியிருக்கிறாள். ஆனால் இந்தக் கடிதத்தில் அவளுக்குப் பிடிக்காத இடங்களும் வரும். அங்கே என்ன செய்வாள் என்று தெரியவில்லை.

உன் கார்டு இன்று காலை வந்தது. உன் அம்மா மில்லிலிருந்து இன்னும் திரும்பவில்லை. குழந்தை தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாள். சரோஜா வாசற்படியில் நின்றபடியே படித்தாள். பண்ணையில் எல்லோருக்கும் ஃப்ளூ வந்தது, எனக்கும் வந்தது, பத்து நாள் படுத்திருந்தேன், இப்போது காய்ச்சல் இல்லை, இருமல் மட்டும்தான் என்று எழுதியிருக்கிறாய். புதுப் புல் வண்டிகள் வருவதற்குள் பழைய கிடங்கைக் காலி செய்யவேண்டுமாம், மழையில் நனைந்து அடிக்கட்டெல்லாம் கறுத்துக் கிடக்கிறதாம், ஆள் குறைவு என்பதால் திங்கட்கிழமையிலிருந்து உன்னை அதற்குப் போட்டிருக்கிறார்களாம். கடைசியில் வேடிக்கையாக ஒரு வரி. வெற்றிலை பாக்குப் போடாமலே எச்சில் பழுப்பாக வருகிறது, செலவு மிச்சம் என்று. சரோஜா அந்த வரியைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. நானும் சிரிக்கவில்லை. அந்த வரியை இன்னொரு தரம் படி என்றேன். படித்தாள். மறுபடியும் படி என்றேன். மூன்றாம் தரம் படிக்காமல் கார்டை என் கையில் கொடுத்துவிட்டாள்.

உனக்கு இது ஏன் என்று புரியாது, ஏனென்றால் நாங்கள் உன்னிடம் பொய் சொல்லியிருக்கிறோம். தைக்கு நீ வந்தபோது என் முதுகிலிருந்து விலா வரைக்கும் ஓடுகிற தழும்பைப் பார்த்து என்ன இது என்று கேட்டாய். மழையில் ஜட்கா கவிழ்ந்துவிட்டது, எனக்கு விலா எலும்பு போயிற்று, ராணிக்குக் கால் போயிற்று, அதனால்தான் குதிரையை விற்றுவிட்டேன் என்றேன். நீ நம்பினாய். இந்த வயதில் என்ன அவசரம், மெதுவாக ஓட்டக்கூடாதா என்று என்னைக் கோபித்தும் கொண்டாய். பதினெட்டு வயதில் கடிவாளம் பிடித்தவன் நான், ஒரு நாளும் வண்டியைக் கவிழ்த்ததில்லை. அந்தப் பழியைக்கூட ஏற்றுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஜட்கா கவிழவில்லை கோவிந்தா. ராணி நல்ல காலோடுதான் வேறொருவன் வண்டிக்குப் போனாள். எனக்கு இடது பக்க நுரையீரலில் ஒரு பாகத்தை வெட்டி எடுத்திருக்கிறார்கள். உனக்கு வந்த அதே ஃப்ளூவில்தான் அது தொடங்கியது. இப்போது உன் எதிரில் இருக்கிறதே, அது மாதிரிப் புல்லில்தான் அது வளர்ந்தது.

போன வருஷம் ஆடியில் அந்தக் காய்ச்சல் நம் ஸ்ரீராம்புரத்துக்கு வந்தபோது நீ மைசூர்ப் பண்ணைக்கு வேலைக்குப் போய் ஆறு மாதம் ஆகியிருந்தது. சந்தில் ஒரு வீடு பாக்கியில்லை. ஒரு வாரம் மில்லுக்கு ஆளே போகவில்லை, ஸ்டாண்டில் பாதி ஜட்கா அவிழ்த்தபடியே கிடந்தது. பள்ளிக்கூடத்தை மூடிவிட்டார்கள். மூடும்போது பிள்ளைகள் கையில் ஆளுக்கொரு நோட்டீஸ் கொடுத்து அனுப்பினார்கள், ஒரு பக்கம் கன்னடம், ஒரு பக்கம் தமிழ். மற்ற பிள்ளைகள் அதில் கப்பல் செய்து சாக்கடையில் விட்டார்கள். உன் தங்கை அதை மடிக்காமல் கொண்டுவந்து, சுவரில் சோற்றுப் பசையால் ஒட்டி, காலையும் மாலையும் சத்தம் போட்டுப் படித்தாள். கைக்குட்டை இல்லாமல் இருமக்கூடாது, ஒருவர் குடித்த லோட்டாவில் இன்னொருவர் குடிக்கக்கூடாது, நோயாளியைத் தனி அறையில் வைக்கவேண்டும். அப்போது உன் அம்மாவுக்கு ஏழு மாதம். எனக்குக் காய்ச்சல் கண்ட அன்று சரோஜா என் பாயை எடுத்துச் சுருட்டிவிட்டு, நைனா, நீ இங்க படுக்கக் கூடாது என்றாள். ஒரே அறை வீட்டில் தனி அறைக்கு எங்கே போவது என்று உன் அம்மா கேட்டாள். சரோஜா கொஞ்ச நேரம் நோட்டீஸையே பார்த்துக்கொண்டிருந்தாள், பதில் அதில் எழுதியிருப்பது போல. பிறகு, புல்லு ரூம் கீதே என்றாள்.

புல் அறை உனக்கு மறந்திருக்காது. லாயத்தின் பின்பக்கம், தகரக் கூரை, ஜன்னல் கிடையாது. அந்த வருஷம் மழை முன்னாடியே பிடித்துக்கொண்டதில் தகரத்து ஓட்டை வழியாகத் தண்ணீர் இறங்கி அடியிலிருந்த கட்டெல்லாம் நனைந்துபோயிருந்தது. மேல்கட்டை எடுத்தால் அடியிலிருந்து வெதுவெதுவென்று ஆவி வரும், சாம்பல் நிறத்தில் புகை மாதிரி ஒரு தூசி எழும்பும், பழைய கோணிப்பையும் புளித்த மாவும் கலந்த மாதிரி வாசனை. அது பூசணம் என்று எனக்குத் தெரியாமலில்லை. ராணிக்கு அதைப் போட்டதில்லை, வயிற்று வலி வந்துவிடும் என்று உதறி எடுத்து நல்லதாகத்தான் போடுவேன். குதிரைக்கு ஆகாததென்று பார்த்துப் பார்த்து உதறிய நான், அதன் நடுவில் பாய் விரித்துப் படுத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது. குளிர் காய்ச்சலுக்கு அது சுகமாகக்கூட இருந்தது.

ஸ்டாண்டிலிருந்து ரஹீம் பாய் பார்க்க வந்தார். வாசலிலேயே நின்று, "இன்னாய்யா, ராணி கூட ஒரே வூட்டுல குடித்தனம் பண்றியாமே, சம்சாரத்துக்குத் தெரியுமா?" என்றார். சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்தது. அவர் சொன்னதில் கெடுதல் ஒன்றும் இல்லை. ஆனால் அந்த வேடிக்கை ஸ்டாண்டிலிருந்து சந்துக்கு வந்தது, சந்திலிருந்து உன் பெரிய மாமன் காதுக்குப் போனது. அவன் வாயில் அது வேடிக்கையாக இருக்கவில்லை. படித்த பெண் பெற்ற தகப்பனைக் குதிரைக் கொட்டாயில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டாள், இன்னும் ரெண்டு வகுப்பு படித்தால் எங்களையும் போடுவாள் என்று சொல்லித் திரிந்தான். ஏற்கெனவே அவனுக்கு இவள் எட்டாவது போனதே பிடிக்கவில்லை. வயசுக்கு வந்த பெண், ஊதுவத்தி உருட்ட அனுப்பு என்று உன் அம்மாவை அரித்துக்கொண்டிருந்தான்.

ஏழு நாளில் காய்ச்சல் விட்டது. அப்போதே எழுந்து வந்திருக்கலாம். வீட்டுக்குள் வரலாமா என்று நான் கேட்க, இன்னும் அஞ்சு நாள் இரு நைனா, அம்மாவுக்கு ஒட்டிக்கும் என்று சரோஜா சொன்னாள். அதுவும் நோட்டீஸில் இருந்ததுதான். அவள் சொன்னது தப்பில்லை. உன் அம்மாவுக்கு அந்தக் காய்ச்சல் வரவேயில்லை. அடுத்த சந்தில் ஒரு கர்ப்பிணிக்கு வந்து, சவப்பெட்டியில் வைத்துத்தான் கொண்டுபோனார்கள். அதனால் தனியாகப் படுத்தது சரி, படுத்த இடம்தான் தவறு. இதை நான் பல தடவை சொல்லியாகிவிட்டது, சரோஜா கேட்பதில்லை. அந்த ஐந்து நாளும் சும்மா இருக்கப் பிடிக்காமல் நான் என்ன செய்தேன் தெரியுமா? உடம்பு தேறுகிறதே என்று கட்டுகளைப் பிரித்து, நனைந்ததை ஒரு பக்கம், காய்ந்ததை ஒரு பக்கம் என்று உதறி அடுக்கினேன். கதவைச் சாத்திக்கொண்டு செய்தேன், வெளிக்காற்று பட்டால் சளி பிடிக்கும் என்று. தலைமுடி, புருவமெல்லாம் சாம்பல் படிந்துவிட்டது. திங்கட்கிழமை உன்னை என்ன செய்யச் சொல்கிறார்களோ, அதையேதான் நான் செய்தேன். அதே இருமலோடுதான் செய்தேன்.

பத்து நாள் கழித்து இருமல் குறைவதற்குப் பதிலாகக் கீழே இறங்கிக்கொண்டது. இடது விலாவில் மூச்சு இழுத்தால் ஊசி குத்தும். சாயங்காலமானால் காய்ச்சல். எச்சிலில் சின்னச் சின்னப் பழுப்புக் கட்டி, துடைப்பக் குச்சியின் முனை மாதிரி. நான் அதைக் காலால் மண்ணைத் தள்ளி மூடிவிட்டு வண்டி கட்டினேன். இருமுகிற ஜட்காக்காரன் வண்டியில் யார் ஏறுவார்கள்? ரயில் டேசனிலிருந்து சவாரி ஏறியதும் பல்லைக் கடித்து இருமலை அடக்குவேன், சவாரி இறங்கியதும் சந்துமுனையில் வண்டியை நிறுத்திவிட்டு இருமித் தீர்ப்பேன். ஒரு நாள் கைத்துண்டில் ரத்தம் வந்தது. டீபீ என்று உன் அம்மா வாய்க்குள்ளேயே சொன்னாள். அந்த வார்த்தையைச் சத்தமாகச் சொன்னால் சந்தில் நம் வீட்டுக்குத் தண்ணீர்க் குழாயில் முறை கிடைக்காது.

ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்து, நுரையீரலில் மேல்பக்கம் புள்ளி இருக்கிறது என்று படுக்கையில் சேர்த்துக்கொண்டார்கள். மங்களூர்ப் பக்கத்து டாக்டரம்மா ஒருவர், கண்ணாடி போட்டவர், தமிழைக் கன்னடம் மாதிரிப் பேசுவார். என்ன வேலை என்று கேட்டார். ஜட்கா என்றேன். குதிரை எங்கே, நீ எங்கே படுப்பது என்று கேட்டார். குதிரை லாயத்தில், நான் வீட்டில் என்றேன். ஃப்ளூ வந்தபோது? வீட்டில்தான் அம்மா, என் பாயில்தான் என்றேன். அந்தப் பொய்யை நான் ஏன் சொன்னேன் என்று இன்றைக்கு உனக்குச் சொல்லவேண்டும். பக்கத்துப் படுக்கைக்காரனுடைய தங்கை புருஷன் நம் சந்துதான், அந்தப் படுக்கைக்காரன் காதைத் தீட்டிக்கொண்டு கிடந்தான். நான் உண்மையைச் சொன்னால் ஆஸ்பத்திரிப் புத்தகத்திலேயே ஏறிவிடும், மகள் தகப்பனைக் கொட்டாயில் போட்டாள் என்று. உன் மாமன் அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்துக்கொண்டு போய்விடுவான். வீட்டின் மானம் என் நெஞ்சுக்குள்ளேயே இருக்கட்டும் என்று நினைத்தேன். மானம் மட்டுமா இருந்தது உள்ளே?

டீபீ மருந்துதான் கொடுத்தார்கள். என் படத்தைப் பார்த்தால் யாரும் அதைத்தான் கொடுப்பார்கள். தினம் ஊசி, பெரிய பெரிய மாத்திரை. எச்சிலை மூன்று தடவை பரிசோதித்தார்கள், டீபீ கிருமி இல்லை. டாக்டரம்மாவுக்கு அது பிடிக்கவில்லை. மறுபடியும் வந்து கேட்பார், வீட்டில் யாருக்காவது டீபீ இருந்ததா, மில்லில் பஞ்சுத் தூசியில் வேலை செய்திருக்கிறாயா, எங்கே படுப்பாய், நன்றாக யோசித்துச் சொல் என்று. நானும் நன்றாக யோசித்து அதே பொய்யைச் சொன்னேன். ஊசி போடப்போட நான் இளைத்தேன். படிக்கட்டில் இரண்டு படி ஏறினால் உட்காரவேண்டும். ரத்தம் முதலில் துண்டில் பொட்டாக வந்தது, பிறகு கிண்ணத்தில் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் சரோஜா வந்து, என் படுக்கையோரம் உட்கார்ந்து உனக்குக் கடிதம் எழுதுவாள். இங்கு யாவரும் நலம் என்று நான் சொல்லுவேன், அவள் எழுதுவாள். அந்த மூன்று கடிதமும் உன் பெட்டியில் இருந்தால் எடுத்துப் பார். எழுத்து கோணல்மாணலாக இருக்கும். மடியில் வைத்து எழுதியதால் அப்படி என்று நீ நினைத்திருப்பாய்.

இங்கே சரோஜா எழுதுவதை நிறுத்திவிட்டாள். அடுத்ததை எழுதமாட்டேன், அது அண்ணனுக்குத் தெரியவேண்டாம் என்கிறாள். அண்ணனுக்குத் தெரியாமல் அவன் எப்படித் தப்பிப்பான் என்று கேட்டேன். எழுந்துபோய்க் குழந்தையின் தூளியை ஆட்டிவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறாள். எழுதுகிறாள்.

நாலாவது ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தபோது டாக்டரம்மா வார்டில் இருந்தார். சரோஜா நேராக அவரிடம் போனாள். நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், எழுந்து தடுக்கத் தெம்பில்லை. ரெட்டை ஜடையைப் பின்னால் தள்ளிவிட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிக்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"டாக்டரம்மா, நைனா பொய் சொல்லுது. அது வூட்டுல படுக்கல. புல்லு ரூம்ல பன்னெண்டு நாள் படுத்திச்சு. புல்லெல்லாம் பூசணம். நான்தான் படுக்கச் சொன்னேன். எங்க ஸ்கூல் நோட்டீஸ்ல போட்டிருந்திச்சு."

வார்டில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், பக்கத்துப் படுக்கைக்காரனும்தான். எனக்கு அவமானத்தில் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளவேண்டும் போல இருந்தது. அடிப்பாவி, உனக்காகத்தானே இத்தனை நாள் வாயைக் கட்டிக்கொண்டு கிடந்தேன் என்று மனதுக்குள் திட்டினேன். டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை, என்னைத்தான் பார்த்தார். "ஏனப்பா, நான் எத்தனை சாரி கேட்டேன்?" என்றார், தடவை என்பதைக் கன்னடத்தில் சொல்லி. அவர் அங்கேயே ஒரு பீங்கான் கிண்ணத்தைக் கொடுத்து, என்னை இருமச் சொல்லி, அந்தப் பழுப்புக் கட்டி ஒன்றைத் தானே எடுத்துக்கொண்டு போனார். கொஞ்ச நேரத்தில் ஆளை அனுப்பிச் சரோஜாவைக் கூப்பிட்டார். பூதக்கண்ணாடிக் குழாயில் கண்ணை வைத்துப் பார்க்கச் சொன்னாராம். கண்ணாடித்துண்டில் நூல் நூலாக, ஒவ்வொரு நூலும் கவட்டைக் குச்சி மாதிரிப் பிரிந்து பிரிந்து போயிருந்ததாம். இதுதான் உன் நைனாவின் நெஞ்சுக்குள் முளைத்திருப்பது, இது டீபீ இல்லை, பூசணம் என்றாராம். அவள் திரும்பி வந்து எனக்கு அதை வரைந்து காட்டினாள். புல்லு மாரியே கீது நைனா என்றாள். பிறகுதான் அழுதாள்.

நான் டாக்டரம்மாவிடம் வாதாடினேன். இருபது வருஷமாக அந்தப் புல்லோடுதான் இருக்கிறேன், ஒன்றும் ஆகவில்லையே என்றேன். அவர் சொன்னதை வார்த்தை பிசகாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன், நீயும் வைத்துக்கொள். இருபது வருஷமும் உன் நெஞ்சுக்குள் தோல் நன்றாக இருந்தது, தூசி உள்ளே போனாலும் துடைத்து வெளியே தள்ளிவிட்டது. ஃப்ளூ வந்து அந்தத் தோலைத் தீய்த்துவிட்டுப் போயிருக்கிறது. காய்ச்சல் விட்டதும் சரியாகிவிட்டது என்று நீங்கள் நினைக்கிறீர்கள், உள்ளே இன்னும் புண் ஆறவில்லை. ஆறாத புண்ணில் பூசணம் விழுந்தால் அது விதை போட்ட மாதிரி. எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, ஆயிரத்தில் ஒருவனுக்கு ஆகலாம், ஆனால் ஆனவனுக்கு இது டீபீ மாதிரியே இருக்கும், டீபீ மருந்துக்குக் கேட்காது. நீ முதல் நாளே சொல்லியிருந்தால் முதல் நாளே இதைத் தேடியிருப்பேன் என்றார். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

இதற்கென்று நல்ல மருந்து இங்கே இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு கசப்புச் சொட்டு மருந்தைப் பாலில் கலந்து கொடுத்தார்கள். வாயெல்லாம் துருப்பிடித்த மாதிரி இருக்கும், மூக்கும் கண்ணும் ஓயாமல் ஒழுகும். ரத்தம் நிற்கவில்லை. கடைசியில் அந்தப் பாகத்தையே வெட்டி எடுத்தால்தான் ஆள் தங்குவான், எடுக்கும்போதே போனாலும் போகலாம் என்று சொல்லி உன் அம்மாவிடம் கைநாட்டு வாங்கினார்கள். அவளுக்கு அப்போது நிறைமாதம். என்னை வெட்டுகிற அறைக்குத் தள்ளிக்கொண்டு போனபோது அவள் என் காலைப் பிடித்துக்கொண்டு கூடவே நடந்து வந்தாள். கதவுகிட்ட வந்ததும், "இன்னா வேணா ஆவட்டும், கோவிந்தனுக்குச் சொல்லியனுப்பட்டுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். புது வேலை, லீவு கேட்டால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள் என்று எனக்குப் பயம். நீ என் முகத்தைப் பார்க்காமலே நான் போயிருப்பேன் கோவிந்தா. அந்தத் தீர்மானத்தை நான்தான் எடுத்தேன். இப்போது நினைத்தால் அதற்காகத்தான் என் மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது, புல் அறைக்காக இல்லை.

உன் கார்டில் இருமல் மட்டும்தான் என்று எழுதியிருக்கிறாயே, அந்த 'மட்டும்தான்' எங்கேயிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். உனக்குப் பத்து வயதிருக்கும், ராணிக்கு முன்னால் நம்மிடம் இருந்த அந்தச் சிவப்புக் குதிரை உன் பாதத்தை மிதித்துவிட்டது. நீ சத்தம் போடவில்லை. வாளியை வைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போனாய், சாயங்காலம் வந்தாய், ராத்திரி உன் அம்மா செருப்பைக் கழற்றும்போதுதான் கட்டைவிரல் நகம் முழுக்கப் பிய்ந்திருப்பது தெரிந்தது. ஏன்டா சொல்லவில்லை என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். நான் என்ன செய்தேன்? மறுநாள் ஸ்டாண்டில் போய், என் பையன் குதிரை மிதித்தும் மூச்சு விடவில்லை என்று பெருமையடித்தேன். நீ பக்கத்தில்தான் நின்றாய். உன் முகம் அன்றைக்கு எப்படிப் பூரித்தது என்று எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. வலியைச் சொல்லாமலிருந்தால் அப்பனுக்குப் பிடிக்கும் என்று உனக்குக் கற்றுக்கொடுத்தவன் நான். அதற்குப் பிறகு நீ எனக்கு எந்த வலியையும் சொன்னதில்லை. நானும் உனக்குச் சொன்னதில்லை. நாம் இரண்டு பேரும் கெட்டிக்காரர்கள்.

அதனால் இப்போது சொல்வதைக் கேள். புத்தி சொல்கிற யோக்கியதை எனக்கு இருக்கிறதா என்று பார்க்காதே. புதுப் புல்லும் வேண்டாம், பழைய புல்லும் வேண்டாம், இருமல் முழுக்க நிற்கிற வரைக்கும் கிடங்குப் பக்கமே போகாதே. நீ படுக்கிற இடம் அதற்குப் பக்கத்துச் சுவர் என்று முன்பு எழுதியிருந்தாய், பாயை எடுத்துக்கொண்டு வேறெங்காவது போ, தாழ்வாரமானாலும் சரி. டாக்டரிடம் போகும்போது காய்ச்சல் வந்தது, விட்டது என்பதோடு நிறுத்தாதே. எத்தனை நாள் ஆயிற்று, பழுப்பாக வருவது எப்போதிலிருந்து, பூசணம் பிடித்த புல்லில் வேலை, அதன் பக்கத்திலேயே தூக்கம், எல்லாவற்றையும் சொல். அவர் கேட்கவில்லை என்றாலும் சொல். டீபீ இல்லையென்றால் பூசணத்தைத் தேடிப்பாருங்கள் என்று வாய்விட்டுக் கேள். எங்கள் நைனாவுக்கு வந்தது, வெட்டி எடுத்தார்கள் என்று சொல். படிக்காத குதிரைக்காரன் சொல்கிறான் என்று சிரித்தால் சிரிக்கட்டும். உனக்கு அப்படி ஒன்றும் இல்லாமல் போகலாம், வெறும் சளியாக இருக்கலாம், பயந்தாங்கொள்ளி என்று பண்ணை முழுக்க உன்னைக் கேலி பேசலாம். பேசட்டும். நான் கேலிக்குப் பயந்தவன். எனக்கு என்ன ஆயிற்று என்று உனக்குச் சொல்லிவிட்டேன்.

உன் மாமன் என்ன செய்தான் என்று யோசிப்பாய். வந்தான், கத்தினான், பெண்ணை இழுத்துக்கொண்டு போகிறேன் என்றான். பிள்ளை பெற்ற பதினைந்தாம் நாள் உன் அம்மா கதவுக்கு நடுவில் நின்று, "என் புருசன உசுரோட வெளியே கொண்டாந்தவ அவதான். போயி உன் வேலையப் பாரு" என்றாள். அவ்வளவுதான். இந்தப் பேச்சுக்குப் பயந்தா நான் நாலு வாரம் பொய் சொன்னேன் என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. சரோஜா இப்போது ஒன்பதாவது. ஆனால் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸை அன்றைக்கே கிழித்துவிட்டாள். எந்தப் புத்தகத்தில் எதைப் படித்தாலும், இது நம்ம வூட்டுக்குச் சரிப்படுமா நைனா என்று என்னைக் கேட்கிறாள். எழுத்துத் தெரியாத என்னை.

இவ்வளவும் எழுதி முடித்து, மடித்து, கவரில் போட்டு ஒட்டப்போகிற நேரத்தில் சரோஜா நிறுத்தி, இன்றைக்கு என்ன கிழமை நைனா என்று கேட்டாள். சனி. நாளைக்கு ஞாயிறு, தபால் பட்டுவாடா கிடையாது. திங்கட்கிழமை மைசூருக்குப் போய்ச் சேர்ந்தாலும், பண்ணைக்குக் கடிதம் எடுத்துவர மானேஜருடைய ஆள் சாயங்காலம்தான் தபாலாபீசுக்குப் போவான் என்று நீயே எழுதியிருக்கிறாய். நீ காலையில் கதவைத் திறந்திருப்பாய். இரண்டு பேரும் அந்தக் கவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். உன் அம்மா மில்லிலிருந்து வந்து, என்ன இப்படி எழவு வீடு மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். சரோஜா உன் கார்டைப் படித்துக் காட்டினாள். உன் அம்மா கடைசி வரியைக் கேட்டதும் எழுந்துபோய் என் கம்பளிக் கோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து உதறினாள்.

கவரைப் பிரித்து இந்தப் பக்கத்தைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். நாளைக்குக் காலை முதல் வண்டியில் நானும் சரோஜாவும் ஏறுகிறோம். எனக்கு அதிக தூரம் நடக்க முடியாது, அவள் கையைப் பிடித்துக்கொள்வேன். பண்ணைக்கு உள்ளே வரமாட்டேன், அந்தத் தூசி எனக்கு ஆகாது. கேட்டுக்கு வெளியே எங்காவது உட்கார்ந்துகொண்டு, அவளை அனுப்பி உன்னைக் கூப்பிடுவேன். உன் முகத்தைப் பார்த்தால் எனக்கு இதில் பாதிகூடச் சொல்ல வராது, நீயும் எனக்கு ஒன்றுமில்லை நைனா என்று சிரிப்பாய், நானும் சரி என்று திரும்பி வந்துவிடுவேன். நம் இரண்டு பேரையும் எனக்குத் தெரியும். அதனால்தான் இதைக் கையில் கொடுக்கிறேன். நீ இதைப் படித்துக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில் நான் உனக்கு எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன். ஒரு பதிலும் சொல்லவேண்டாம். டேசனிலிருந்து எங்களைக் கூட்டிவந்த ஜட்காவை நான் இன்னும் அனுப்பவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு ஏறு, ஆஸ்பத்திரிக்குப் போகலாம்.